நட்ட நடுச் சாலையில் அரளி வளர்த்த கதை

நாலுவழிச் சாலையின் நடுவில் அரளி வளர்ப்பது, நின்று பார்க்க ஆளே இல்லாத இடத்தில் தோட்டம் போடுகிற வேலை. குறை சொல்கிறவர்கள் மட்டும் எவ்வளவு வேகத்தில் போனாலும் கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

அடுக்குமாடி வாசலில் செம்பருத்தி வைத்துவிட்டு ஒரு நாளும் அதில் பூவைப் பார்க்காதவர்கள், தெருவோரம் புங்கன் நட்டு அதைக் கரண்டுக் கம்பிக்குப் பலி கொடுத்தவர்கள், பள்ளிக்கூட விழாவில் வருடா வருடம் அதே குழியில் மரக்கன்று நட்டவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். என் பாடு உங்களுக்குப் புரியும்.

நான் சேலம் - நாமக்கல் வட்டாரத்தில் ஒரு நாலுவழிச் சாலையில் செடிப் பராமரிப்பு சூப்பர்வைசர். ஊர் எருமப்பட்டி. படித்தது தாவரவியல். பெண் பார்க்கப் போனபோது, "மாப்பிள்ளை ஹைவேஸில் இருக்கிறார்" என்று என் மாமா சொல்லி வைத்தார். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் மாமனார் பஸ்ஸில் போகும்போது, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு செடிக்கு நடுவில் நின்ற என்னைப் பார்த்துவிட்டார். இன்றுவரை அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஆடு எடுத்த முடிவு

நடுத்திட்டில் என்ன செடி வைப்பது என்று முடிவு செய்ய எங்கள் கம்பெனியில் ஒரு கூட்டம் போட்டார்கள். சென்னையிலிருந்து வந்த மேனேஜர் ரோஜா வேண்டும் என்றார். கணக்குப் பிரிவுக்காரர் செம்பருத்தி என்றார். நான் அரளி என்றேன். அதற்கு வெயிலும் உறைக்காது, லாரிப் புகையும் உறைக்காது. விரல் கனத்தில் ஒரு குச்சியை வெட்டி ஈர மண்ணில் செருகினால் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் வேர் விட்டுவிட்டால் அடுத்த சித்திரை வெயிலில்கூடப் பூக்கும். எதிரே வருகிற வண்டியின் விளக்கு கண்ணில் அடிக்காமல் மறைக்கிற அளவுக்கு அடர்ந்து நிற்கும். இவ்வளவையும் நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்ததும் மேனேஜர், "அரளி பார்க்க அவ்வளவு ரிச்சா இருக்காதே" என்றார்.

எதற்கும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று மூன்றிலும் சில தொட்டிகளை அலுவலக வாசலில் வைத்தோம். பக்கத்துக் காட்டில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளாடு அன்று சாயங்காலமே வந்து ரோஜாவை முள்ளோடு தின்றது. பிறகு செம்பருத்தியை முடித்தது. அரளியை மோந்து பார்த்துத் தும்மிவிட்டுப் போய்விட்டது. மறுநாளும் வந்து பார்த்துவிட்டு ஏமாந்து போனது. அந்த வாரமே அரளி என்று முடிவாகி, 'தொழில்நுட்பக் குழுவின் தீவிர ஆய்வுக்குப் பின்' என்று கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டார்கள். ஆட்டுக்காரப் பெரியவருக்குத்தான் மனசு கேட்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ரோசாவையே இன்னும் ரெண்டு தொட்டி வெய்யுங்க சாமி. நல்லாத் திங்குது."

ஒரே மட்டம்

நட்ட குச்சிகள் நன்றாகவே வந்தன. அந்தப் பெருமையில் பாதி சரோஜா அக்காவுக்குச் சேர வேண்டும். என் கீழே வேலை செய்யும் பெண்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. எல்லாரும் மழையை நம்பிக் காடு வைத்திருந்து, மழை நம்பிக்கையைக் காப்பாற்றாததால் எங்களிடம் வந்தவர்கள். அசுவினிப் பூச்சி விழுந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் அடிப்பது, காய்ந்த கிளையைக் கழிப்பது, அரளிப் பால் கண்ணில் பட்டுவிடாமல் முந்தானையை இழுத்துக் கட்டிக்கொண்டு மட்டம் பார்த்துக் கவாத்து வெட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. நிழலில் நின்று கத்துவது என் வேலை. நிழலே இல்லாத சாலையில் அதுவும் சிரமமான வேலைதான்.

செடி கழுத்தளவு வந்ததும் மேனேஜருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. சுங்கச்சாவடியிலிருந்து சுங்கச்சாவடி வரை அரளி ஒரே மட்டமாக இருக்க வேண்டும். ஏசி காரில் உட்கார்ந்து போய்க்கொண்டே, செடிகளின் உச்சி ஏறி இறங்குகிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பார். எல்லா இடமும் சரியாக இருந்தது, ஈச்சமரப் பிரிவு ஒன்றைத் தவிர. ஈச்சமரத்து ஊரிலிருந்து வரும் மண் ரோடு அங்கேதான் எங்கள் சாலையைத் தொடும். ஊர்க்காரர்கள் குறுக்கே கடக்க அங்கே நடுத்திட்டில் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். அந்தச் சந்துக்கு இரண்டு பக்கமும் இருந்த அரளியை மட்டும் யாரோ இடுப்பளவுக்கு வெட்டிவிடுகிறார்கள். வளர விட்டால் மறுபடியும் வெட்டுகிறார்கள். தை மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருவார்கள். அதில் குறை என்று எழுதிவிட்டால் செடிப் பராமரிப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். நானும் சரோஜா அக்கா கூட்டமும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதை எனக்கு நினைவூட்டத்தான் மேனேஜர் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். "செடிக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் நின்னாக்கூடத் தெரியக் கூடாது சார். அதுதான் தரம்."

பூஜைக்குத்தானே

முதல் சந்தேகம் பூப் பறிக்கிறவர்கள் மேல் விழுந்தது. வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். வலது ஓரத்தில் வரிசையாகக் கார்கள் நிற்கும். குடும்பத்தலைவர் நடுத்திட்டில் ஏறி நிற்பார். குடும்பத்தலைவி காருக்குள்ளிருந்து வழி நடத்துவார். பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரனை அழுத்தி, அந்தக் குடும்பத்தின் முன்னோர்களை எல்லாம் விசாரித்துவிட்டுப் போவான். அரளியைப் பெண்கள் தலையில் வைப்பதில்லை. அதனால் அது முழுக்க முழுக்கச் சாமிக்கு என்று ஆகிவிட்டது. சாமிக்கு என்று ஆகிவிட்ட பூவைக் கேட்டுப் பறிக்கிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை.

ஒருவரைக் கையும் பூவுமாகப் பிடித்தேன். செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளிக் கடை வைத்திருப்பவராம். கையில் அவர் கடைப் பையே இருந்தது, நிறைய மொட்டு. "சார், உங்கள் கடையில் நான் வந்து ஒரு வேட்டியைச் சாமிக்கு என்று எடுத்துக்கொண்டு போனால் விடுவீர்களா?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். நியாயம் அவருக்கு உறைக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். அதற்குள் காரிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஏனுங்க, பேசறதுதான் பேசறீங்க, செவப்பு அரளி எந்தப் பக்கம் இருக்குதுன்னும் ஒரு வார்த்தை கேட்டுருங்க."

ஆனால் பிரிவில் நடப்பது இவர்கள் வேலை இல்லை என்று பிறகு புரிந்தது. பூத் திருடுகிறவர்கள் கிளையை வளைத்து ஒடித்து, தோலை உரித்துவிட்டுப் போவார்கள். பிரிவில் கிளைகள் சாய்வாக, கணுவுக்குச் சற்று மேலே, பாடப் புத்தகத்தில் உள்ளபடி வெட்டப்பட்டிருந்தன. கழித்த கிளைகளைக்கூட மாடு வாய் வைத்துவிடாமல் ஒதுக்கிக் குவித்திருந்தார்கள். இவ்வளவு ஒழுக்கமான திருடனை இந்தச் சாலையில் நான் பார்த்ததே இல்லை.

மழையில் நனையும் தண்ணி வண்டி

இந்தக் கவலைக்கு நடுவில் ஐப்பசி அடைமழை பிடித்தது. குடையோடு போய்ப் பார்த்தால், எங்கள் தண்ணி லாரி டிரைவர் மாணிக்கம் கொட்டுகிற மழையில் அரளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குழாய்த் தண்ணீர் எது, மழைத் தண்ணீர் எது என்று செடிக்கே தெரிந்திருக்காது. வேர் அழுகிவிடும், நிறுத்துங்கள் என்று கத்தினேன். வண்டி தினமும் இத்தனை நடை ஓடியதாகக் கம்பெனிக் கம்ப்யூட்டரில் தெரிய வேண்டுமாம்.

"சரி, சும்மா ஓட்டிக்கொண்டு போங்கள், தண்ணீரையாவது விடாதீர்கள்" என்றேன். தொட்டி காலியாகிறதா என்று பார்க்கவும் ஒரு கருவி வைத்திருக்கிறார்களாம். மழை பெய்கிறதா என்று பார்க்கும் கருவி வைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. மாணிக்கம் மழைக்கோட்டுத் தொப்பியைச் சரி செய்துகொண்டு சாந்தமாகச் சொன்னார்: "மழை நின்னா யாரும் என்னையக் கேக்க மாட்டாங்க. வண்டி நின்னாத்தானுங்க எனக்கு மெமோ."

விஷக் காற்று

அடுத்ததாக ஒரு வாட்ஸ்அப் செய்தி கிளம்பியது. அரளியின் காற்று பட்டாலே நுரையீரல் கெட்டுவிடும், படித்தவுடன் பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று. அரளியைத் தின்றால் ஆபத்து என்பது உண்மை. அதனால்தான் மாடு கன்று அண்டாத நடுச் சாலையில் வைத்திருக்கிறோம். அதன் காற்று ஒன்றும் செய்யாது. பக்கத்தில் லாரி விடுகிற புகையை விட்டுவிட்டு அரளியின் மூச்சுக்குப் பயப்படுகிறவர்களை என்ன சொல்வது.

சாலையோரம் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு மனுவோடு வந்தார். மக்கள் நலன், வருங்காலத் தலைமுறை, நச்சுத் தாவரம் என்று மனு உருக்கமாக இருந்தது. நான் பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். பிறகு முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். எதிர்ச் சாரியில் போகிற வண்டிகளுக்கு அவர் ஓட்டல் தெரிவதில்லையாம்; செடியை எடுத்துத் திட்டையும் கொஞ்சம் உடைத்தால் வண்டிகள் திரும்பி வந்து சாப்பிடுமாம். "என்ற கடைக்கு நேரா ஒரு பத்தடி மட்டும் எடுத்துருங்க. மிச்ச விஷம் அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்."

பிரிவில் வெட்டுவது இவராக இருக்குமோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனால் அவர் கடைக்கும் பிரிவுக்கும் வெகுதூரம். தனக்கு லாபமில்லாத இடத்தில் அவர் ஒரு இலையைக்கூடக் கிள்ள மாட்டார்.

கத்தரியோடு நின்றவர்

மார்கழி பிறந்துவிட்டது. பிரிவில் ஒரு பக்கச் செடி மறுபடியும் இடுப்பளவில் நின்றது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அரளியை வெட்ட வெட்ட, ஒரு கிளை வெட்டிய இடத்தில் மூன்று கிளை வெடிக்கும். ஒவ்வொரு நுனியிலும் பூ வரும். அதனால் எங்கள் சாலையிலேயே பிரிவில் இருந்த அரளிதான் குட்டையாகவும் குண்டாகவும் இலை தெரியாமல் பூத்தும் நின்றது. எதிரி என் செடியை என்னைவிட நன்றாக வளர்க்கிறான் என்பதில் எனக்குக் கூடுதல் கடுப்பு.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பிரிவில் இருக்கும் டீக்கடையில் மறைவாக உட்கார்ந்தேன். வேலை முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு டிராக்டர் வந்தது. சரோஜா அக்காவின் ஊர் ஈச்சமரம் என்பதால் அவர் அங்கே இறங்கினார். டிராக்டர் போனது. அவர் அக்கம்பக்கம் பார்த்தார். முந்தானையை இழுத்துக் கட்டிக்கொண்டு, பையிலிருந்து கம்பெனிக் கத்தரியை எடுத்தார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன். பகலில் என்னோடு நின்று வளர்த்த கை, சாயங்காலம் வெட்டுகிறது. "அக்கா, நம் எல்லாருடைய வேலையும் போகப் போகிறது, தெரியுமா?" என்று கத்தினேன்.

அவர் பதறவில்லை. "செத்த இங்க வந்து நில்லுங்க சார்" என்று என்னைச் சந்துக்குள் கூப்பிட்டார். ஒரு பக்கம் முன்பே வெட்டியாகிவிட்டது. மறுபக்கம் இன்னும் வெட்டவில்லை, கிளைகள் கழுத்துக்கு எழும்பி நின்றன. வெட்டாத பக்கத்திலிருந்து வரும் வண்டிகளைப் பார்க்கச் சொன்னார். செடி தெரிந்தது, பூ தெரிந்தது, வண்டி தெரியவில்லை. எட்டிப் பார்க்க ஒரு அடி எடுத்து வைத்தேன். ஒரு லாரி என் சட்டையை உரசுகிற மாதிரி போனது. லாரிக்காரனுக்கும் நான் அங்கே நிற்பது தெரிந்திருக்க வழியில்லை. பின்வாங்கித் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"செடி வளந்த புதுசுல எங்கூட்டுக்காரரு சைக்கிளத் தள்ளிட்டு இங்கதானுங்க நின்னாரு. அடிச்சவன் பொய் சொல்லலீங்க, ஆளே தெரியலீன்னுதான் சொன்னான். அவரு இன்னும் கோல் ஊனித்தான் நடக்கறாரு. இப்பப் புள்ளை கோழிப்பண்ணை வேலைக்குப் போறா, வேன்காரன் அக்கட்டாலதான் எறக்கி உடறான்." அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிர்ச் சாரியில் வேன் வந்து நின்றது. அவர் மகளும் இன்னும் சில பெண்களும் இறங்கி, வெட்டிய பக்கமாகப் பார்த்துப் பார்த்துச் சந்துக்குள் வந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சூப்பர்வைசர் இல்லையா, "இதை என்னிடம் சொல்லியிருக்கலாமே, மட்டம் என்று ஒன்று இருக்கிறதே" என்று முனகினேன். சரோஜா அக்கா மிச்சக் கிளையை வெட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்கல்லாம் மட்டம் பாக்கறது கார்ல உக்காந்துங்க சார். நாங்க பாக்கறது இங்க நின்னுட்டுங்க."

ஆய்வு

தை மாதம் தலைமை அலுவலக அதிகாரி வந்தார். நான் பிரிவில் கை வைக்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று வீரமாக முடிவெடுத்ததாகச் சொல்ல ஆசைதான். உண்மையில் இரவெல்லாம் தூக்கம் வராமல் புரண்டு, காலையில் குலசாமியை வேண்டிக்கொண்டுதான் காரில் ஏறினேன். பிரிவு வந்தது. மேனேஜர், அதிகாரியின் கவனத்தைத் திருப்ப, எதிர்ப்பக்கம் இருந்த கல் குவாரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதிகாரி காரை நிறுத்தச் சொன்னார். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது.

அதிகாரி இறங்கிப் பூவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "சாலை முழுக்க இதுதான் பெஸ்ட். எப்படி வளர்த்தீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "அது எங்க ஸ்பெஷல் டிரீட்மென்ட் சார்" என்றார் மேனேஜர். விட்டால் போச்சு என்று நானும் புகுந்தேன். மாதா மாதம் இடுப்பளவில் கவாத்துச் செய்கிறோம், சந்து இருக்கிற இடங்களில் இப்படித்தான் இருக்க வேண்டும், நிற்கிற ஆள் வண்டிக்குத் தெரியும் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். ஆளைப் பற்றிச் சொன்னது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. பூவைப் பற்றிச் சொன்னது விழுந்தது. எல்லாப் பிரிவிலும் இதே மாதிரி செய்ய உத்தரவு போட்டார். நான் பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் எல்லாருக்கும் வேலை நிலைத்தது, ஈச்சமரத்துப் பெண்களுக்கு வழி தெரிந்தது. அப்போது அதிகாரி இன்னும் ஒன்று சொன்னார். "இவ்வளவு செஞ்சிட்டு வெளிய தெரியாம வெச்சிருக்கீங்களே. பெருசா ஒரு போர்டு வையுங்க."

மாதிரிப் பகுதி

போர்டு வந்தது. ஆள் உயரத்துக்குமேல் ஃப்ளெக்ஸ், நாலு சவுக்குக் கம்பு. 'மாதிரி அரளிப் பகுதி' என்று பெரிய எழுத்தில். ஓரத்தில் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். அதை நட்ட இடம், சந்தின் விளிம்பு. எந்தப் பக்கத்திலிருந்து அரளி மறைத்துக்கொண்டிருந்ததோ அதே பக்கத்தில் இப்போது மேனேஜர் மறைத்தார். தள்ளி வையுங்கள் என்று மேனேஜரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அதிகாரி உத்தரவு, அவர் காட்டிய இடம், மாற்ற முடியாது என்றார். பூச்செடி இல்லாத இடத்தில் போர்டு வைத்தால் மக்களுக்கு எப்படிப் புரியும் என்றும் கேட்டார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் சரோஜா அக்காவின் மகள் சந்திலிருந்து காலெடுத்து வைத்தபோது ஒரு டெம்போ கிரீச்சென்று அவள் முன்னால் வந்து நின்றது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பெண் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாளாம். டெம்போக்காரனும் இறங்கி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனானாம்.

மறுநாள் காலையில் போர்டு மல்லாக்கப் படுத்து வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நாலு கம்பும் தரையை ஒட்டிச் சாய்வாக, சுத்தமாக வெட்டப்பட்டிருந்தன. மேனேஜருக்குப் பலத்த காற்று என்று எழுதிக் கொடுத்தேன். இந்த வட்டாரத்தில் அன்று ஒரு இலைகூட அசையவில்லை என்பது ஊருக்கே தெரியும்; அவர் இருந்தது ஏசி அறையில் என்பதால் நான் எழுதியதை நம்ப வேண்டியதாயிற்று. அரளிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த சரோஜா அக்காவிடம் போய், "மறுபடியும் வைத்தால் என்ன அக்கா செய்வது?" என்று கேட்டேன். அவர் நிமிரக்கூட இல்லை. "செடியத்தானுங்க சார் மாசா மாசம் வெட்டோணும். பலகைக்கு ஒருக்கா வெட்டுனாப் போதுமுங்க."

மொத்தத்தில், சாலை நடுவில் அரளி வளர்ப்பதற்கு ஒரு குச்சியும் கொஞ்சம் ஈரமும் போதும், வளர்ந்த அரளிக்குப் பின்னால் நிற்கிற ஆளை மேலே இருப்பவர்களுக்குத் தெரிய வைக்கத்தான் ஒரு நல்ல கத்தரி வேண்டியிருக்கிறது.